மாறாத மாத்திரை

"எங்க அண்ணி மேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன், டாக்டர். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வந்து பாத்துடுங்க."

பெரம்பலூரில் சிறிய மருத்துவமனை நடத்திவந்த டாக்டர் உத்திராபதி, அங்கமுத்துவை உட்காரச் சொன்னார். அரும்பாவூர் விவசாயி அவன். மனைவி மலர்க்கொடிக்கு ஏழாம் மாதம், கடுமையான ரத்தசோகை. இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை.

"மாத்திரை டப்பா அண்ணி இருசம்மாள்கிட்டதான் இருக்கு. அவங்களுக்குப் புள்ள இல்ல. வேற மாத்திரைய மாத்தி வச்சுட்டாங்க."

"பொறாமைதான் சார்!" என்றாள் நர்ஸ் வேம்பு.

"பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார் டாக்டர்.

அன்று மாலையே மூவரும் பஸ் ஏறினார்கள்.

மலர்க்கொடி பாயில் சாய்ந்திருந்தாள். கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர். அடியில் செம்பழுப்புக் கறை. சமையற்கட்டு வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு இருசம்மாள் நின்றாள்.

"வெளிக்குப் போறது என்ன நெறம்மா?" டாக்டர் மலர்க்கொடியிடம் கேட்டார்.

"மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து அடுப்புக்கரி மாதிரி கறுப்புங்க."

"பாத்தீங்களா, விஷம்!" அங்கமுத்து கத்தினான்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி இல்லை.

"இரும்பு உள்ள போனா அப்படித்தான் போகும். மாத்திரை அசல்தான். யாரும் மாத்தல."

"அப்ப ஏன் சார் ரத்தத்துல சேரல?" என்றாள் வேம்பு.

டாக்டர் தம்ளரை எடுத்து முகர்ந்தார். "மாத்திரைய எதோட முழுங்குறம்மா?"

"டீயோடங்க. தண்ணின்னா கொமட்டுது. இவருதான் கடையிலேருந்து ஸ்ட்ராங்கா வாங்கியாந்து, முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாரு."

டாக்டர் அங்கமுத்துவைப் பார்த்தார். "டீயில இருக்குற துவர்ப்பு இரும்பப் புடிச்சு வச்சுக்கும். ஒடம்புல சரியா சேர விடாது. அண்ணி ஒழுங்காத்தான் எடுத்துக் குடுத்திருக்காங்க. தடுத்தது நீங்க வாங்கிட்டு வந்த டீ."

அங்கமுத்து தலை நிமிரவில்லை.

"இனிமே எலுமிச்சம்பழச் சாத்தோட முழுங்கட்டும். அதுல இருக்குற வைட்டமின் சி இரும்ப ஒடம்புல சேர்க்கும். டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்."

இருசம்மாள் உள்ளே போய் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு வந்தாள். அங்கமுத்து வாங்கக் கை நீட்டினான். "அண்ணி, நான்..."

அவள் அவனைத் தாண்டிப் போய் மலர்க்கொடியிடம் கொடுத்தாள்.

அடுத்த மாதப் பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. பிரசவமும் சிக்கலில்லாமல் முடிந்தது, பெண் குழந்தை. இருசம்மாள் மடியில் கிடந்த குழந்தையைப் பார்க்க அங்கமுத்து தயங்கித் தயங்கி வந்து குனிந்தான்.

அத்தனை நாள் கழித்து அவள் அவனிடம் வாய் திறந்தாள்.

"தள்ளி நில்லு தம்பி. புள்ளைக்குக் காத்து வரட்டும்."