நாற்காலியில் குத்திய முள்

ஆய்தா அழுதுகொண்டு வரவில்லை. திட்டிக்கொண்டே வந்தாள்.

"நான் வரி கட்டாதவளாம் லெம்பித்! ஊர் உலகமே பார்க்கிற மாதிரி இணையத்துல என் பேக்கரி பேரு தொங்குது!"

வரித்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற லெம்பித் அவளுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். அதே அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த விர்வே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். தார்த்து நகரில் யாருக்கு வில்லங்கம் வந்தாலும் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

விஷயம் விசித்திரமானது. ஆய்தா கெடு வரும்வரை காத்திருப்பவள் இல்லை. வரிப்பணத்தை முன்கூட்டியே இணையத்தில் வரிக் கணக்கில் போட்டு வைத்துவிடுவாள். யாரோ அவளுடைய அடையாள அட்டையைக் கொண்டு உள்ளே நுழைந்து, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி, ரகசிய எண்ணைத் தட்டி அவள் பெயரிலேயே மின்கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

"பணம் எங்கே போச்சு?" என்றார் லெம்பித்.

"எங்கேயும் போகலை. என் வங்கிக் கணக்குலயே வந்து குந்தியிருக்கு. நான்தான் கவனிக்கலை. கெடு அன்னிக்கு வரி பாக்கின்னு ஆயிருச்சு. மறுநாள் பள்ளிக்கூடங்களுக்கு ரொட்டி போடுற டெண்டரைத் திறந்தாங்க. பாக்கிக்காரின்னு என்னை ஒதுக்கிட்டாங்க. இது நான் செஞ்சதில்லைன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டணும். இல்லேன்னா அடுப்படிப் பொண்ணுங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும்."

மூவரும் பேக்கரிக்குப் போனார்கள். அதற்குப் பின்னால் இருந்தது அலுவலக அறை. கம்பளி நூலில் பின்னிய மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்த விர்வே துள்ளி எழுந்தாள். "ஐயோ, என்னமோ குத்துது!"

லெம்பித் குனிந்து மெத்தையிலிருந்து எதையோ பிடுங்கிக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்.

ஆய்தா வரிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அடையாள அட்டை கணினியை ஒட்டிய வாசிப்புக் கருவியிலேயே செருகி இருந்தது. எடுத்தால் அப்புறம் தேட வேண்டுமாம். ஒவ்வொரு இலக்கமாக முணுமுணுத்தபடியே ரகசிய எண்ணைத் தட்டினாள். லெம்பித்தின் முகம் கெட்டுப்போன பாலைக் குடித்தது போல ஆனது.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நடந்த வேலை என்று பக்கம் சொன்னது.

"சனிக்கிழமைன்னா சவுனாதான், நீராவிக் குளியல்," என்றாள் ஆய்தா. "பொம்பளைங்க நாங்க முதல்ல முடிச்சிட்டோம். எட்டு மணிக்கு ஆம்பளைங்க முறை. எங்க வண்டி ஓட்டுற ரைவோ, என் தங்கச்சி புருஷன் கவுப்போ. கணக்கெழுதுற உல்லே விறகு எடுக்க வெளியே போனா. அவ மேலதான் எனக்குச் சந்தேகம்."

முற்றத்தைத் தாண்டி சவுனா. குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் இலைக்கட்டுகள் சுவரில் தொங்கின. எல்லாம் பிர்ச் மர இலை. ஒன்று மட்டும் ஊசி ஊசியாக முள் வைத்த ஜூனிப்பர் செடி. தொட்ட லெம்பித் கையை உதறினார்.

"அது கவுப்போவோடது," என்றாள் ஆய்தா. "தீவுக்காரன். முள்ளால அடிச்சாத்தான் அவனுக்குக் குளிச்ச மாதிரி இருக்குமாம்."

மாலையில் எல்லாரையும் அலுவலக அறைக்கு வரச் சொன்னார் லெம்பித். கேட்டது ஒரே கேள்வி: இந்த அறைக்குக் கடைசியாக எப்போது வந்தீர்கள்?

"தினமும்தான் வரேன்," என்றாள் உல்லே.

"காலையில வண்டிச் சாவி எடுக்க," என்றான் ரைவோ.

"நான் கடைக்கு வருவேன், சவுனாவுக்கு வருவேன்," என்று சிரித்தான் கவுப்போ. "இந்த அறைப் பக்கமே வந்ததில்லை."

லெம்பித் கைக்குட்டையைப் பிரித்தார். ஜூனிப்பர் முட்கள்.

"இதெல்லாம் மெத்தையில குத்தி நின்னுச்சு. சட்டை போட்டவன் உட்கார்ந்தா வராது. முள்ளால அடிச்சுக்கிட்டு, ஈர உடம்போட, துண்டுகூடக் கட்டாம ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கான்."

"அதுலயா நான் உட்கார்ந்தேன்? த்தூ!" விர்வே பாவாடையைத் தட்டித் தட்டி விட்டாள்.

"எண் எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கவுப்போ.

"ஆய்தா வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டுறா. கடையில நிக்கிறவன் காதுல விழும்."

"பாதியில பின்னாடி இருக்கிற குளத்துல முங்கிட்டு வரேன்னு போனியே," என்றான் ரைவோ மெதுவாக. "கரை பூராவும் சேறு. திரும்பி வந்தப்ப உன் கால்ல ஒரு பொட்டுச் சேறு இல்லை."

கவுப்போ சுவரைப் பார்த்தான். டெண்டரில் போட்டியிட்ட இன்னொரு பேக்கரி அவனுக்கு மேலாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதை ஒப்புக்கொண்ட விதம்தான் இன்னும் அருவருப்பு.

"ஒரு காசு நான் தொடலையே அக்கா. உன் பணம் உன் கணக்குலதானே இருக்கு? யாருக்கு என்ன நஷ்டம்?"

உல்லே அழ ஆரம்பித்தாள். அவளைச் சந்தேகப்பட்டதற்கு ஆய்தாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது.

லெம்பித் நடந்ததை வாக்குமூலமாகத் தட்டெழுதினார். ஆய்தா தன் அட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

"உன் அட்டையைப் போடு. அதே நாற்காலிதான், உட்காரு. கையெழுத்துப் போடலைன்னா நேரா போலீசுதான்," என்றாள் கவுப்போவிடம்.

கவுப்போ உட்கார்ந்தான். திரை ரகசிய எண்ணைக் கேட்டது. அவன் முன்னால் குனிந்து, இடது கையால் விசைகளை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"நல்லா மறைச்சுக்கோ," என்றாள் ஆய்தா. "திருட்டுப் பயலுங்க வந்து போற வீடு இது."