ஜன்னலில் தெரிந்த கள்ளி

"என் கள்ளியைத் திருடிட்டு வேற ஒண்ணை நட்டு வெச்சிருக்காங்க" என்றபடியே உள்ளே வந்தார் அந்த அம்மாள். கையிலிருந்த குடையை மடக்கக்கூட மறந்திருந்தார்.

துப்பறிபவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். உதவியாளனான அவருடைய கொழுந்தன் குடையை வாங்கி மடக்கினான்.

கணவர் வளர்த்த பாலைவனச் செடிகளை, அவர் இறந்தபின், புதிய பொதுத் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தார் அந்த அம்மாள். தோட்டக்காரர் ஒருவர்தான் தோண்டி எடுத்துப்போய் நட்டார். மற்றவற்றில் குறையில்லை. ஆள் உயரத் தூண் கள்ளியில்தான் சந்தேகம்.

"என்னோடது பச்சைப் பசேல்னு இருக்கும். அங்க நிக்கறது சொறி பிடிச்ச கிழம். வித்துத் தின்னுட்டான். அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுத்தான் வந்தேன். நாளைக்கே மேலதிகாரிகிட்ட புகார் குடுக்கப் போறேன். அவன் வேலை போகட்டும்!"

"உங்களோடதுக்கு ஏதாவது அடையாளம் உண்டா?"

குரல் தாழ்ந்தது. "இடுப்பு உயரத்துல ஒரு தழும்பு. என் மகன் சைக்கிள் பழகறப்ப மோதினான். கள்ளிக்கு ஒரு தழும்பு, அவனுக்கு உடம்பெல்லாம் முள்ளு. அங்க அது இல்ல. தோட்டத்துல யார்கிட்டயும் இதைச் சொல்லல. சொன்னா அதே மாதிரி கீறி வெச்சிட மாட்டானா?"

"அண்ணி, நம்ம பொழப்புக்கே வேட்டு வெச்சிருவாங்க போல" என்றான் கொழுந்தன்.

"வீட்டுல செடியை எங்கேருந்து பாப்பீங்க?" என்று அம்மாளைக் கேட்டார் துப்பறிபவர்.

"சமையலறை ஜன்னல்லேருந்துதான். கிட்டப் போனா குத்தும். சாயங்காலம் டீ போடறப்ப அதோட நிழல் அடுப்பு மேடைக்கு வரும். பின்னாலேயே அவரும் வந்துடுவார்."

மறுநாள் காலையில் மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"திருடனைப் பாக்க வந்தீங்களா? பாத்துக்குங்க."

கள்ளியின் மேல் தோல் பழுப்பேறிச் சொரசொரத்திருந்தது. பின்பக்கம் முழுவதும் முட்செடிகள். சுற்றிப் போக வழியில்லை.

கொழுந்தன் காதைக் கடித்தான். "அண்ணி, எல்லாச் செடியிலயும் ஒரே பக்கமா சிவப்புக் கயிறு. கூட்டாளிக்குக் காட்டற அடையாளமோ?"

"கட்டினவரையே கேப்போம் தம்பி."

"தோண்டறதுக்கு முன்னாடி மேற்குப் பக்கமாப் பாத்துக் கட்டினேன்" என்றார் தோட்டக்காரர். "மத்தியான வெயிலுக்குப் பழகின பக்கம் அது. இங்கயும் மேற்கையே பாக்கணும். மாத்தி வெச்சா மறுபக்கம் வெந்துடும்."

துப்பறிபவர் கீழே பார்த்தார். கள்ளியின் நிழல் அவர் செருப்பின்மேல் விழுந்திருந்தது.

"காலைல நிழல் மேற்கே விழும். அப்போ நாம இதுக்கு மேற்கே நிக்கறோம். உங்க சமையலறைக்கு நிழல் சாயங்காலம் வந்துச்சு. அப்போ ஜன்னல் கிழக்கே இருந்துச்சு. நீங்க இவ்வளவு காலமும் பாத்தது இதோட கிழக்குப் பக்கம். இந்தப் பக்கத்தை இங்க நட்டப்புறம்தான் பாக்கறீங்க."

"அப்போ தழும்பு?"

"தழும்பா?" தோட்டக்காரர் நிமிர்ந்தார். "அது பின்னாடி இருக்கே! கேட்டிருந்தா காட்டியிருப்பேனேம்மா!"

முட்செடிகளுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போனார். பச்சைத் தோலில், இடுப்பு உயரத்தில், தழும்பு இருந்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாதைக்குத் திரும்பியதும் பழுப்பேறிய தோலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு வெயிலையும் இந்தப் பக்கம்தான் வாங்கிச்சா?" என்றார்.

"ஆமாம்மா. உங்க பக்கத்துக்கு விடல."

"அந்தப் பக்கத்தை ஜன்னல்லேருந்தே பாத்துட்டேன். இது இப்படியே இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேலதிகாரி அறை எங்க இருக்கு?"

தோட்டக்காரர் முகம் மாறியது. "அம்மா, இன்னுமா..."

"பேசாம கூட வாங்க. நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"