மூடுபனியில் வந்த டம்ளர்கள்

அந்தக் கன்னியர் மடத்தில் காலை நேரத்தில் யாரும் பேசுவதில்லை. செபம் முடிந்ததும் சிஸ்டர்கள் வெள்ளை உடையில் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பாட்டு அறைக்கு வருவார்கள். சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாகத் தோட்டத்தில் நடந்தபடி மனதுக்குள் செபிப்பார்கள். முற்றத்து மணி அடித்த பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம்.

நம்ம வாயாடிக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். தூக்கத்தில்கூடப் பேசுகிற சின்னப் பெண் அவள். வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்திருந்ததால், விடுமுறைக்கு அவளை அத்தையிடம் அனுப்பியிருந்தார்கள். அத்தை இந்த மடத்தில் ஒரு சிஸ்டர். மாட்டுக்கொட்டகை அவர் பொறுப்பு.

முதல் நாள் நாக்கு துறுதுறுத்தது. அப்புறம் அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பேச்சு நின்றதும் மற்றதெல்லாம் கேட்கத் தொடங்கியது. இலையிலிருந்து பனி சொட்டுவது, எங்கோ ஒரு கதவு மெல்ல முனகுவது, பசு அசைபோடுவது. மூடுபனிக்குள் மடமே மிதந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

கொட்டகையில் பஞ்சு இருந்தது. பஞ்சு ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி. அதைப் பெற்ற அன்றே தாய்ப்பசு இறந்துவிட்டது. அத்தைதான் பாட்டிலில் பால் புகட்டி அதை வளர்த்தார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். தவக்காலத்தில் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்து, யாருக்காவது நல்லது செய்ய வேண்டும். அதை வெளியே சொல்லக் கூடாது. அடுத்தவர் செய்வதைப் பார்த்துவிட்டாலும், பார்க்காதது போலப் போய்விட வேண்டும்.

வாயாடியும் ஒன்றை விட்டுக்கொடுத்தாள். காலையில் அவளுக்குக் கிடைக்கும் டம்ளர் பாலைத்தான். அத்தை பசுக்களைப் புல்வெளிக்கு ஓட்டிப் போனதும் கொட்டகைக்கு ஓடி, பஞ்சுவின் வாளியில் ஊற்றிவிடுவாள். பஞ்சு ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு அவள் கையை நக்கும். அந்தக் கூச்சத்துக்காகவே இன்னொரு டம்ளர் கொடுக்கலாம்.

ஒரு நாள் பால் ஊற்றிவிட்டு வைக்கோல் பரண்மேல் ஏறிப் படுத்திருந்தாள். பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் மிதந்து வந்தது. பார்த்தால் தையல் சிஸ்டர். மாடு என்றாலே பத்தடி தள்ளி நிற்பவர். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, முக்காட்டுக்குள் மறைத்து வைத்திருந்த டம்ளரை வாளியில் கவிழ்த்தார். கவிழ்த்ததும் ஒரே ஓட்டம்.

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சமையல் சிஸ்டர் வந்தார். அவர் கையிலும் டம்ளர். அடுத்து தோட்டத்து சிஸ்டர். கடைசியாக, மடத்துக்கே தலைவியான மதர். ஒருவர் போய் மறைந்த பிறகே பனியிலிருந்து அடுத்தவர் வந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ அழகான கனவைக் கண்டது போல வாயாடிக்கு நெஞ்சு நிறைந்தது.

அன்று சாயங்காலம் கனவு கலைந்தது.

பஞ்சு எழுந்து நிற்கவில்லை. நாலைந்து நாளாகவே அதற்குக் கழிச்சல். கண் உள்ளே போய், காது தொங்கிக் கிடந்தது. மாட்டு டாக்டர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"பால் அதிகமாக் குடுக்கிறீங்களா சிஸ்டர்?"

"இல்லீங்க டாக்டர். வேளைக்கு ஒரு பாட்டில், நீங்க சொன்ன அளவுதான்," என்றார் அத்தை.

"பால் அதிகமானா கன்னுக்குச் செரிக்காது. இப்படித்தான் ஆகும். அளவாத்தான் குடுக்கிறீங்கன்னா இது வேற ஏதோ நோய். மருந்து தர்றேன். நாளைக்கும் இப்படியே இருந்தா தாங்காது."

அவர் போனதும் அத்தை வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கேயோ நான்தான் தப்பு பண்றேன் கண்ணு. தாயில்லாத குட்டி. என்னை நம்பி இருந்துச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாயாடிக்கு வாளியில் கவிழ்ந்த டம்ளர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பஞ்சு மெலிய மெலிய, பாவம் என்று எல்லோரும் இன்னும் ஊற்றியிருக்கிறார்கள். அவளும்தான். உண்மையைச் சொன்னால் பஞ்சு பிழைக்கும். ஆனால் சொன்னால் எல்லோருடைய ரகசியமும் போய்விடும். தையல் சிஸ்டர் பயந்து நடுங்கிக்கொண்டே செய்த நல்லது குற்றமாகிவிடும்.

யோசித்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாள் காலை சாப்பாட்டு அறையில் ஸ்பூன் சத்தம்கூட இல்லை. ஜன்னலெல்லாம் பனி. எல்லோர் முன்னாலும் பால் டம்ளர். வாயாடி எழுந்து நின்றாள்.

"மதர், மணி அடிக்கலைதான். ஆனா இப்பவே சொல்லணும்."

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. மதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சொல் என்பது போலத் தலையசைத்தார்.

"நான் தினமும் என் பாலைப் பஞ்சுவுக்கு ஊத்தினேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். பால் அதிகமானா கன்னுக்குச் செரிக்காதாம், டாக்டர் சொன்னார். இன்னைக்கும் இப்படியே இருந்தா பஞ்சு செத்துப்போயிடும். அதனால இனிமே நான் ஊத்த மாட்டேன். அத்தை மேல எந்தத் தப்பும் இல்லை."

சொல்லிவிட்டு, தன் டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்துக் காட்டினாள்.

தையல் சிஸ்டரின் காது சிவந்தது. சமையல் சிஸ்டர் கூரையைப் பார்த்தார். அப்புறம் மதர் மெல்லத் தன் டம்ளரை எடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அதற்கடுத்தவர். எல்லோர் மூக்கின் கீழும் வெள்ளை மீசை.

அன்று மாலை பஞ்சு தள்ளாடி எழுந்தது. மறுநாள் துள்ளியது. மருந்து நன்றாக வேலை செய்துவிட்டதென்று டாக்டர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். பஞ்சு அத்தையின் முக்காட்டைப் பிடித்துச் சப்ப, அத்தை அழுகையும் சிரிப்புமாக அதைக் கட்டிக்கொண்டார்.

"ஏன் கண்ணு, உன் ஒரு டம்ளர் பாலுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டார்.

வாயாடி பஞ்சுவின் காதைச் சொறிந்துகொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் தெரிந்தும் அவள் பேசவில்லை.

அடுத்த நாள் காலை செருப்பை மாட்டப் போனாள். உள்ளே ஒரு பிஸ்கட் பொட்டலம். தலையணைக்குக் கீழே ஒரு ஆப்பிள். துண்டுக்குள் ஜாம் தடவிய ரொட்டி. ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள் ஒரு வெள்ளை முக்காடு அவசரமாக மறைந்தது.

வாயாடி சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் எதையும் பார்க்கவில்லை.