பதினோரு மணி இருட்டு

வெள்ளை விளக்குகளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த டோர்டிஸின் கண்மணிகள் சுருங்கவேயில்லை. பக்கத்து நாற்காலியில் கண் கூசி நீர் வழிய உட்கார்ந்திருந்த ரக்னா அதைக் கவனித்தாள். நீல விழிகளில் நீலமே தெரியாத அளவுக்குக் கறுப்பு விரிந்து கிடந்தது.

நார்வேயின் அந்த வடகோடியில் நவம்பர் கடைசியில் இறங்கிய சூரியன் ஜனவரி பாதிவரை எழாது. அதுவரை மீன் ஆலையில் எல்லாரும், இருட்டின் சோர்வு அண்டாமலிருக்க, வேலைக்கு முன் அரைமணி நேரம் இந்த வெளிச்ச அறையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தும் ரக்னாவுக்குக் கையும் காலும் ஈரக் கம்பளியாய்க் கனத்தன. காட் மீனின் முதுகில் கத்தியை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று மறந்து நிற்பாள். போன குளிர்காலம்வரை அவளைவிட மோசமாய் இருந்தவள் டோர்டிஸ். கழிப்பறையில் அழுதுவிட்டு வருவாள். இந்த வருஷம் அவள் ஒருத்தியே இரண்டு பேர் மீனை வெட்டினாள். மற்ற ஐந்து பெண்களும் ஒவ்வொருத்தியாய் அவள் வேகத்தைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நீயும் பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேலாளர் ஹால்வார்ட் ரக்னாவிடம் சொல்லிவிட்டார்.

"உன்னால மட்டும் எப்படி முடியுது?" என்று கேட்டாள் ரக்னா.

டோர்டிஸ் திரும்பவில்லை. "சூரியன் வரும் வரும்னு காத்துக் கெடக்கறத விட்டுட்டேன். நீ கெழட்டுப் பூனை மாதிரி சன்னலையே பாத்துக்கிட்டு நில்லு."

காலை பதினோரு மணிக்கு, வெட்டு மேசைகளில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது.

மீன் வரும் பட்டையின் இரைச்சல் தேய்ந்து அடங்கியது. அந்நேரத்தில் வழக்கமாய்ச் சன்னலில் தெரியும் நீல வெளிச்சக் கீற்றையும் பனிப்புயல் மூடியிருந்தது. குடலின் வாடையும் உப்பும் ஈர ரப்பரின் நாற்றமும் இருட்டோடு நெருங்கி வந்து மூக்கை அடைத்தன. யாராவது திட்டுவார்கள், சிரிப்பார்கள், கைபேசி விளக்கைப் போடுவார்கள் என்று ரக்னா காத்திருந்தாள்.

ஒரு கத்தி மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. சரக். சரக்.

பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஆறும்.

வாசல் இருந்த பக்கம் ஓரடி வைத்தாள். பக்கத்து மேசையின் கத்தி ஓய்ந்தது. ஒரு கை அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தது. பனிக்கட்டிக் குளிர். கையுறையை விரல் விரலாய் உருவியது. அவள் வலது கையில் கத்தியை வைத்து விரல்களை மூடியது.

"பாக்காத." காதருகே டோர்டிஸின் குரல். "வெட்டு."

வெட்டினாள். ஒரு மீன். இன்னொன்று. கனம் இறங்கிவிட்டது. முதுகெலும்பை ஒட்டிக் கத்தி தானாய் வழுக்கிப் போனது. பல வாரங்களாய் இல்லாத தெளிவு. சந்தோஷம்கூட. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

தட்டில் மீன் தீர்ந்தது. பட்டை ஓடவில்லை, வேறு மீன் வராது. கத்தி நிற்கவில்லை. அடியில் இன்னும் ஏதோ வழுக்கியது. சின்ன எலும்பு. வெதுவெதுப்பாய்.

யாருடைய கத்தியும் நிற்கவில்லை.

விளக்கு வந்தது.

ஆறு பெண்களும் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் களைப்பில்லை. ஆறு தட்டுகளிலும் தோல் நீக்கிச் சுத்தமாய் அடுக்கியிருந்தது மீனல்ல. ரக்னா தன் தட்டைப் பார்த்தாள். மூன்று விரல்கள், வரிசையாய்.

வலிக்கவில்லை. இடது கை நான்காவதை நீட்டிவைத்துக் காத்திருந்தது. வலது கை இறங்கியது.