எட்டாவது பொட்டு

ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த லேபின் கதவைத் திறந்ததுமே ஜினிக்கு எலி நாற்றம் அடித்தது. பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஏழு வருஷமாக அவள்தான் திறந்து பூட்டுகிற லேப். ஒரு நாளும் அங்கே எலி வந்ததில்லை. மத்தியானம் ஒரு மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது, கரண்ட் இல்லை, தகரக் கூரையில் விழுந்த தண்ணீர் ஓயாமல் இரைந்தது. ஈரச்சுவர் வாடைக்கும் ஸ்பிரிட் வாடைக்கும் அடியில், வைக்கோலுக்குள் எலி குட்டி போட்டு நாளானதுபோல் ஒரு முடை. அது இன்குபேட்டர் இருந்த உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஹீமோஃபிலஸ் என்ற கிருமி வளர்ந்த தட்டு இப்படித்தான் மணக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மூடியைத் திறந்தால்தான் மணக்க வேண்டும். வாசல்வரை வரக் கூடாது.

அது அவள் மகளின் காதுச் சீழ். மூன்று வயது சானுவுக்குக் காது ஒழுகியபோது ஜினியே பஞ்சுக் குச்சியில் எடுத்துவந்து வளர்த்தாள். நேற்று அந்தக் கிருமியைப் புதுத் தட்டில் பரப்பி, மேலே ஒவ்வொன்றும் ஒரு மருந்தில் நனைத்த எட்டுக் காகிதப் பொட்டுகளை வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி காய்ச்சல் ஏறிப் பிள்ளையின் கழுத்து விறைத்துவிட்டது. இப்போது நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள், பக்கத்தில் புருஷன் ஷைஜு இருக்கிறான். கிருமி மூளைக்கு ஏறிவிட்டது என்று காலையில் டாக்டர் சுகுமாரி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"எங்க டெஸ்டு வர ரெண்டு நாளாவும் ஜினி. அதுவரைக்கும் பிள்ள தாங்காது. இப்ப குடுக்க மருந்து கேக்கவும் இல்ல. ஒங்க தட்டப் பாத்துச் சொல்லுங்க, அதத்தான் போடணும்."

மருந்து கேட்காமல் போன தப்பு யாருடையது என்று ஜினி யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக் கடைகளில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் பத்து நிமிஷம். கேட்ட சிரப்பைக் கேட்டபடி தருகிற ஒரு கடை ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு நாளில் காய்ச்சல் விடும், மருந்தை நிறுத்துவாள், மிச்சம் பிரிட்ஜ் கதவில் நிற்கும், அடுத்த காய்ச்சலுக்கு அதே குப்பி. இந்த வருஷம் மட்டும் ஐந்து தடவை. லேபுக்கு வருகிறவர்களிடம் கோர்ஸை முடியுங்கள் என்று வாய் ஓயாமல் சொல்கிறவள்தான் அவள்.

போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஹீமோஃபிலஸ் கரியமில வாயு கூடினால்தான் நன்றாக வளரும் என்பதால் தட்டைக் கண்ணாடி ஜாடியில் வைத்து, கூடவே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மூடியிருந்தாள். திரி கருகி நின்றது. மூடியைத் திறந்ததும் முடை முகத்தில் அறைந்தது. பழுப்புத் தட்டு முழுக்கப் பனி படர்ந்ததுபோல் சாம்பல் பூத்திருந்தது. மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் விழ வேண்டும்.

முதல் பொட்டு. வட்டம் இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்று, நான்கு, ஐந்து. பொட்டின் விளிம்புவரை வளர்ந்து வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஆறு, ஏழு.

எட்டாவது பொட்டைச் சுற்றி வட்டம் இருந்தது. அகலமாக, சுத்தமாக.

அழுதுகொண்டே டாக்டரைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"நம்பலாமா ஜினி?"

"நம்பலாம் மேடம். நல்ல வட்டம் உண்டு."

"இப்பமே போடுதேன்."

ஜினி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் துடைத்தாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு தரம் கண்ணடித்து எரிந்தது. ஜாடிக்குள் வைக்கத் தட்டைத் தூக்கினாள்.

வட்டத்துக்குள் ஏதோ இருந்தது.

தூசி என்றுதான் நினைத்தாள். லென்ஸை எடுத்தாள். தூசி இல்லை. சாம்பல் நிறத்தில், பளபளப்பாக, ஊசிமுனை அளவு. ஐந்து. டார்ச்சில் பார்த்தபோது இவை இல்லை. இருந்தனவா? இல்லை. மறுபடி எண்ணினாள்.

ஒன்பது.

கண்ணைக் கசக்கினாள். இத்தனை சீக்கிரம் எதுவும் வளராது. வளர முடியாது.

போன் அடித்தது. ஷைஜு.

"எடீ, மருந்து ஏறத் தொடங்கியாச்சு கேட்டியா! டாக்டரு இனி பயப்படாண்டாம்ணு சொன்னாங்க. எட்டாவது மருந்து கேக்கும்ணு நீ சொன்னியாமே. பிள்ளைக்க கையப் பிடிச்சிட்டு இருக்கேன்."

ஜினி லென்ஸைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பதாவது பொட்டு என்று ஒன்று அவளிடம் இல்லை. லேபில் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இல்லை.

"எடீ ஜினி? கேக்குதா? எதாவது சொல்லு."

லென்ஸுக்குக் கீழே, பொட்டின் வெள்ளை விளிம்பில், புதிதாக ஒன்று.

பிறகு, அதன் பக்கத்தில், இன்னொன்று.