மாடி ஏறக் கற்றவன்

வழக்கமாகக் கீழே வந்து நிற்கிறவன் அன்றைக்கு நிற்கவில்லை. ஏறி வந்தான்.

ஆவுடையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொச்சி மட்டாஞ்சேரியில் மழைக்காலத்துச் சாயங்காலம். வோல்டேஜ் குறைந்து பல்பு சிவந்து கிடந்தது. கீழே இருந்த கிடங்கிலிருந்து நனைந்த சாக்கும் சுக்கும் கலந்த வாடை பலகை இடுக்குகள் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. சில நாட்களாகவே இருட்டும் நேரத்தில் யாரோ மரப்படிக்கட்டின் அடியில் வந்து இங்கும் அங்கும் நடந்துவிட்டுப் போவது அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் எவனாவது மழைக்கு ஒதுங்குகிறான் என்று விட்டிருந்தாள். இப்போது படிகள் முனகின. இரண்டு கால்களும் ஒரே கனத்தில் விழுந்தன. அவள் புருஷன் நல்லசிவம் அல்ல. மிளகு மூட்டை சரிந்து முட்டி நொறுங்கிய நாளிலிருந்து அவர் ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்துத்தான் ஏறுவார்.

காலடி கதவுக்கு வெளியே நின்றது. பிறகு, நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்தது.

அந்தக் குதிப்பு அவளுக்குத் தெரியும். அன்று மத்தியானம்தான் அதைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்திருந்தாள்.

யூதர் தெருவான ஜூ டவுன் போகும் வழியில் வெங்கிடாசலம் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மத்தியானம் கடை சாத்தியிருக்கும்போது கூட்டித் துடைப்பது அவள் வேலை. கப்பலில் வந்த பழைய மெஷின் ஒன்று மூலையில் காசு போடாமலே ஓடும். திரையில் முகம் இல்லாத ஒரு வெள்ளை ஆள். ஆரம்பத்தில் அவனுக்கு நடக்க மட்டும் தெரியும். ஒரு கட்டம் ஜெயித்தால் ஒரு வித்தை கூடும். கூடியதும் இரண்டு முறை குதிப்பான். விளையாட்டாகத் தொட்டவளுக்கு விட முடியவில்லை. காலையில் அவள் கூட்டுகிற ஆபீஸில், கல்யாணமான புதிதில் சேர்ந்தும் அவள் இன்னும் டெம்பரரி. மெஷினில் அப்படியில்லை. பாடுபட்டால் உயர்வு உண்டு, யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டாம். அந்த நியாயம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஆஃப் பண்ணிடாதே, கேட்டியா," என்று வெங்கிடாசலம் சொல்லியிருந்தார். "பண்ணினா அவன் படிச்சதெல்லாம் மறந்துடும். திரும்ப மொதல்லேந்து ஆடணும்."

அன்று மத்தியானம் அவன் ஏணி ஏறக் கற்றிருந்தான். இப்போது கதவுக்கு வெளியே குதித்த காலடி, சற்று நேரத்தில் தானாகவே படியிறங்கிப் போனது.

மறுநாள் மெஷின் பக்கமே போகக்கூடாது என்றுதான் கிளம்பினாள். ஆனாலும் கை அரித்தது. எல்லாம் மனப்பிரமை, ஒரு கட்டம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரையில் ஒரு கதவு வந்தது. வெள்ளை ஆள் அதைத் தொட்டான். தாழ் தானாக விலகியது. குதித்தான்.

அன்று சாயங்காலம் அவள் இரும்புத் தாழைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது நகர்ந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். வெளியே மூச்சுச் சத்தம் இல்லை. அவசரமும் இல்லை. தாழ் மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது. கீழே நல்லசிவத்தின் இருமல் கேட்டதும் சட்டென்று தளர்ந்தது.

"என்னளா இப்படி வேர்த்துக் கெடக்கே?" என்றார் அவர். இந்த மனுஷனும் இல்லையென்றால் இந்த ஊரில் தனக்கு யார் என்று நினைத்தபடி அவருக்குச் சோறு போட்டாள்.

அடுத்த நாள் துடைப்பத்தைக்கூட எடுக்காமல் நேரே மெஷினிடம் போனாள். யாரும் ஆடவில்லை. வெள்ளை ஆள் தானாகவே குதித்துக்கொண்டிருந்தான். அப்புறம் நடந்தான். ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"அடடா, எல்லாம் போச்சே," என்றார் சத்தம் கேட்டு வந்த வெங்கிடாசலம்.

"போகட்டும் சாமி."

மனசு லேசாகிவிட்டது. இருட்டும் முன்பே நல்லசிவத்துக்கு நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பூட்டு திறந்து தொங்கியது. இன்னொரு சாவி அவரிடம் இருந்ததால் அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. உள்ளே சிவந்த வெளிச்சத்தில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியாளா," என்றார். எழுந்து காலை இழுத்து இழுத்து வந்து கதவைச் சாத்தித் தாழிட்டார்.

அவருடைய அந்த நடையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மெஷின், காலடி, தாழ், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கொடுத்த பழம்பொரியைக் கையிலேயே வைத்திருந்தார். கடிக்கவில்லை.

"இனி பயமில்லைங்க. அவனுக்கு எல்லாம் மறந்திருக்கும்."

படி முனகியது.

ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது. நடுவில் ஓர் இருமல். அவள் நன்றாக அறிந்த இருமல்.

"ஆவுடை, கதவைத் தொறளா. முட்டு நோவுது. இன்னைக்குப் படி கேறவே முடியல்ல."

அவள் தாழைப் பார்த்தாள். அதற்கு முன்னால் நல்லசிவம் நின்றார். பழம்பொரி கீழே விழுந்திருந்தது.

"ஆவுடை?" என்றது வெளியே.

உள்ளே நின்ற நல்லசிவம் இரண்டு முட்டிகளையும் மடக்கினார். நின்ற இடத்திலேயே, இரண்டு முறை குதித்தார்.