மஞ்சள் பரசூட்டில் இரண்டு கறைகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சல்லி என்ற மீனவ ஊரின் கடற்கரையில் ஒரு பெண் வானத்திலிருந்து இறங்கினார். ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

மணலில் அவருக்காகச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் காற்று திரும்பிவிட்டது. அவர் கால்கள் அலையில் பட்டன. பெரிய மஞ்சள் பரசூட், கரையில் இழுத்து வைத்திருந்த படகின் மேல் சரிந்து, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த சாளை மீன்கள் மேல் படுத்துக்கொண்டது.

"ஐயோ, எங்கட மீன்!" என்று ஓடிவந்தாள் பிரசாந்தினி. அவளுக்குப் பதினொரு வயது. காகம் தூக்காமல் மீனைக் காப்பது அன்று அவள் வேலை. காகத்துக்குக் கல் எறியலாம். இதற்கு எதை எறிவது?

"மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி," என்றார் நனைந்துபோய் வந்த பெண். "மீனுக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

"மீனுக்கு ஒண்டுமில்லை அக்கா. உங்கட துணிக்குத்தான்..."

துணியில் இரண்டு கறைகள். உள்ளங்கை அளவில் ஒன்று, மீன் நீர் பட்ட பழுப்புக் கறை. மற்றது படகு எஞ்சினின் கறுப்புக் கிறீஸ்.

அந்தப் பெண்ணின் பெயர் றிஷானா. பக்கத்து நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் இந்தக் கரையில் குதிக்கப் போகிறார்கள். அதற்கான ஒத்திகைதான் இது. ஒரு கிழமையாகச் சல்லியில் வேறு கதையே இல்லை.

"உப்புத் தண்ணி பட்டுட்டுது. உடனே நல்ல தண்ணியில அலச வேணும்," என்றார் றிஷானா.

பிரசாந்தினியின் அம்மா கிணற்றடித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார். அலசிய துணியை, வலைகள் வைக்கும் ஓலைக் கொட்டிலுக்குள் கயிறு கட்டி விரித்தார்கள்.

"ஏன் அக்கா நிழல்ல போடுறீங்க? வெளியில போட்டால் அரை மணித்தியாலத்தில காஞ்சிடும்."

"வெயில் பட்டுப் பட்டு இந்தத் துணியின்ர பலம் போயிடும்."

"அப்ப கறை?"

"நான் வீட்ட போய் மென்மையான சவர்க்காரமும் ஸ்பொஞ்சும் எடுத்துக்கொண்டு வாறன். ஒற்றிப் பாப்பம். போனால் போகட்டும், போகாட்டி கிடக்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாமல் பாத்துக்கொள்ளுவீங்களா?"

"ஓம் அக்கா!"

கொடி நட்டவர்களின் மோட்டார் சைக்கிளில் ஏறி றிஷானா போய் மறைந்தார். பிரசாந்தினியின் கண் அந்தக் கறுப்புக் கறையிலேயே நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை முழு ஊரும் அண்ணாந்து பாக்கும்," என்றான் அண்ணன் சஞ்சீவன். "எங்கட படகின்ர ஊத்தை வானத்தில பறக்கும்."

"சும்மா இரு அண்ணா."

"அப்பா கையில கிறீஸ் பட்டால் எதால துடைக்கிறவர்?"

பிரசாந்தினிக்குத் தெரியும். எஞ்சின் பூட்டி முடிந்ததும் அப்பா ஒரு துணியைப் பெற்றோலில் நனைத்துக் கையைத் துடைப்பார். இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான்.

கொட்டில் மூலையில் அப்பாவின் பெற்றோல் போத்தலும் இருந்தது.

அவள் பெற்றோலில் நனைத்த ஒரு கந்தையால் கறையைத் தேய்த்தாள். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு கரைந்து, மஞ்சள் பளிச்சென்று வந்தது. பிறகு சவர்க்கார நீரால் துடைத்தாள். மெல்லிய துணி சீக்கிரம் காய்ந்தது; பெற்றோல் மணத்தைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது.

"பாத்தியா? புதுசு மாதிரி!" என்றான் சஞ்சீவன்.

அவளுக்கும் பெருமைதான். கையைக் கழுவி உதறியபோது சில துளிகள் பரசூட்டில் தெறித்தன. சேம்பிலையில் உருளுவது போல உருண்டு கீழே விழுந்தன. ஒரு துளி மட்டும் உருளவில்லை. அவள் தேய்த்த இடத்தில் விழுந்த துளி அது. மெல்லப் பரவி, காணாமல் போனது.

அவள் இன்னொரு துளி விட்டாள். அதுவும் ஊறியது. துணியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"அண்ணா, இந்த இடத்தில தண்ணி உள்ளுக்குப் போகுது."

"ஒரு சொட்டுத்தானே!"

"தண்ணி போனால் காத்தும் போகும். காத்துப் போனால் இது எப்பிடி அவவைத் தாங்கும்?"

சஞ்சீவன் கொட்டில் வாசலை எட்டிப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "வாயைத் திறக்காத. சொன்னால் அவ ஞாயிற்றுக்கிழமை குதிக்கமாட்டா. ஊரே எங்களைத்தான் ஏசும்."

றிஷானா திரும்பி வந்தார். மீன் கறையை ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பாதிதான் மங்கியது. "போதும், கிடக்கட்டும்," என்று விட்டுவிட்டார். பிறகு அங்குமிங்கும் தேடினார்.

"மற்றக் கறை எங்க?"

"எங்கட கிணத்துத் தண்ணியில போயிருக்கும் பிள்ளை," என்று சிரித்தார், அவரோடு உள்ளே வந்த அப்பா பிரகலாதன். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சஞ்சீவன் திடீரென்று கூரை ஓலைகளை எண்ணத் தொடங்கினான்.

"நல்லதாப் போச்சு," என்று றிஷானா துணியைக் கயிற்றிலிருந்து இறக்கக் கை நீட்டினார்.

பிரசாந்தினி தொட்டியடிக்கு ஓடினாள். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எடுக்காதேங்க. முதல்ல இந்த இடத்தில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க."

றிஷானா விட்டார். துளி ஊறிப்போனது.

"கறுப்புக் கறை தண்ணியில போகேல்லை. நான்தான் பெற்றோல் போட்டுத் தேச்சனான்."

அப்பா மூலையில் இருந்த போத்தலைத் திரும்பிப் பார்த்தார்.

"யோசனை என்ர," என்றான் சஞ்சீவன், ஓலைகளைப் பார்த்தபடியே.

றிஷானா அந்த இடத்தைத் தூக்கி வாயருகே பிடித்தார். "மற்றப் பக்கம் கையை வையுங்க தங்கச்சி." ஊதினார். பிரசாந்தினியின் உள்ளங்கையில் மெல்லிய சூடான மூச்சு பட்டது. வேறோர் இடத்தில் ஊதினார். ஒன்றும் படவில்லை.

"இதோட நான் குதிக்க ஏலாது," என்றார் றிஷானா. "கொழும்புக்கு அனுப்பி, இந்தத் துண்டை மாத்த வேணும்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டார் அப்பா.

"அஞ்சு பேர் குதிப்பாங்க. நான் கீழ நிண்டு பாப்பன்."

பிரசாந்தினியின் கண்கள் நிறைந்துவிட்டன. "கோபமா அக்கா?"

"கோபம்தான்." றிஷானா துணியை மடிக்கத் தொடங்கினார். பிறகு அவளைப் பார்த்து, "ஆனால் தரையில நிண்டு கோவிக்கிறது நல்லது. அதுக்கு நீங்க உண்மையைச் சொன்னதுதான் காரணம். வாங்க, அந்த நுனியைப் பிடியுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பரசூட்கள் இறங்கின. றிஷானா கொடியருகே நின்று கை தட்டினார். ஆறாவது எங்கே என்று கேட்டவர்களுக்குச் சஞ்சீவனே முந்திக்கொண்டு கதை முழுவதையும் சொன்னான். ஒருவரும் ஏசவில்லை. எல்லோரும் பெற்றோல் போத்தலைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை நேரம், சல்லிக்கு மேலே மஞ்சள் பரசூட் விரிந்தது. அது இறங்க இறங்க, வெளிறிய மஞ்சளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு புதுத் துண்டு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, மங்கலாக ஒரு பழுப்புக் கறை.

"எங்கட சாளைக் கறை!" என்று கத்தினாள் பிரசாந்தினி.

"இன்னும் கழுவேல்லையா? வெக்கமா இருக்கு," என்றான் சஞ்சீவன்.

"இருக்கட்டும். அது ஒண்டும் செய்யாது."

றிஷானாவின் கால்கள் சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில், மணலில் மெல்லப் பட்டன. அதே நேரம் ஒரு காகம் மீன் காயும் பாயிலிருந்து கொழுத்த சாளை ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்தது. பிரசாந்தினி கல் தேடவில்லை. இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.